எடை குறைந்த மேக்னம் ரைபிளும் அதன் பின்னுதைப்பும்

குழலை விட்டுக் குண்டு முன்னோக்கிப் பாயும்போது, அதற்கு ஈடான உந்தத்துடன் துப்பாக்கி பின்னோக்கி நகர்ந்து சுடுபவரின் தோளில் மோதுவது பின்னுதைப்பு எனப்படும். பொருளின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். முன்னே செல்லும் உந்தமும் பின்னே வரும் உந்தமும் எப்போதும் சமமாகவே இருக்கும் என்பதால், எந்தக் கருவியைப் பொருத்தினாலும், எந்த நிலையில் நின்று சுட்டாலும், பின்னுதைப்பை அடியோடு இல்லாமற் செய்ய இயலாது. அதைக் குறைக்கலாம், பரப்பலாம், சிறிது நேரம் நீட்டி மென்மையாக்கலாம், உடலைப் பழக்கலாம். இந்த நான்கில் எது எவ்வளவு உதவும், எதற்கு என்ன விலை தர வேண்டியிருக்கும் என்பதே இவ்வியலின் பொருள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டமையால், இங்குக் கூறப்படுவன யாவும் உரிமம் பெற்று வேட்டை நடைபெறும் நாடுகளுக்கே, குறிப்பாக வட அமெரிக்காவின் மலைப்பகுதிகளுக்கே, உரியவை.

ஒரே விட்டமுள்ள குண்டை வழக்கமான தோட்டாவைவிட மிகுதியான வெடிமருந்தால் உந்தும் தோட்டாவுக்கு மேக்னம் என்று பெயர்; பெரிய ஷாம்பேன் புட்டிக்கு வழங்கிய சொல்லே தோட்டாவுக்கும் வந்தது. 1912-இல் வெளிவந்த .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு மேக்னம், 1944-இன் .300 வெதர்பி மேக்னம், 1962-இன் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 1963-இன் .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. நீண்டகாலம் இவற்றைச் சுட்ட ரைபிள்கள் தொலைநோக்கியுடன் சேர்த்து நான்கு கிலோ அல்லது அதற்கு மேலும் எடை கொண்டிருந்தன. 1980-களில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் மேற்கு வர்ஜீனியாவில் கெவ்லார், கரியிழை ஆகியவற்றால் ஆன கட்டைகளைக் கொண்டு மிக இலகுவான ரைபிள்களைச் செய்து காட்டிய பின்னர், மலையேறும் வேட்டைக்காரர்கள் எடை குறைந்த ரைபிளையே கேட்கத் தொடங்கினர். அலாஸ்காவில் டால் ஆட்டையோ கொலராடோவில் எல்க் மானையோ தேடி மலைகளில் நாட்கணக்கில் நடப்பவருக்கு, தோளில் தொங்கும் ஒவ்வொரு நூறு கிராமும் மாலையில் கணக்குக் கேட்கும் என்பதால் இந்த விருப்பத்தைக் குறை கூற இயலாது. ஆனால் பத்து நாள் நடையில் மிச்சப்படுத்திய சுமை, விசையை அழுத்தும் ஒரு நொடியில் மொத்தமாகத் தோளில் வந்து விழுகிறது.

இதை எண்களில் பார்ப்பது நல்லது. .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 11.7 கிராம் குண்டு ஏறத்தாழ நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குழல்முனையை விட்டு வெளியேறும். அதை உந்திய வெடிமருந்து ஏறக்குறைய 4.7 கிராம், அது வளிமமாக மாறி, குண்டின் பின்னால் அதைவிட விரைவாக, நொடிக்கு 1,200 மீட்டர் அளவில் பீறிடும். இரண்டின் உந்தத்தையும் கூட்டினால் 16.2 கிலோகிராம்-மீட்டர்/நொடி வருகிறது. ரைபிளின் எடை நான்கு கிலோவாயின் அது நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் பின்னகரும். அதன் ஆற்றல் 33 ஜூல். அதே தோட்டாவை 2.7 கிலோ ரைபிளில் சுட்டால் வேகம் நொடிக்கு ஆறு மீட்டராகவும், ஆற்றல் 48 ஜூலாகவும் ஏறிவிடும். உந்தம் மாறாதிருக்க, எடை குறையும் அளவுக்கு ஆற்றல் கூடுகிறது என்பதே இதன் விதி. 1906-இல் வெளியான .30-06 தோட்டா இதே 11.7 கிராம் குண்டை நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் செலுத்தும். நான்கு கிலோ ரைபிளில் அதன் பின்னுதைப்பு 24 ஜூல் மட்டுமே. அதாவது .30-06 சுட்டுப் பழகியவர் இலகுவான மேக்னத்துக்கு மாறும்போது குண்டின் வேகத்தில் ஒன்பது விழுக்காட்டைப் பெறுகிறார். தோளில் வாங்குவதோ இருமடங்கு. கடையில் ரைபிளை வெறுமனே கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது எண்ணை யாரும் சொல்வதில்லை.

இந்த ஆற்றலைத் தாண்டி, உடல் உணரும் அடி என்பது வேறு. அது ஆற்றலோடு, அந்த ஆற்றல் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பரப்பில், எந்தத் திசையில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது ரைபிளின் கட்டையே. கட்டையின் பின்முனை குழலின் நேர்கோட்டிலிருந்து மிகவும் தாழ்ந்திருந்தால், உதை தோளை அழுத்துவதோடு நில்லாமல் ரைபிளை மேல்நோக்கிச் சுழற்றும். கன்னம் பதியும் மேல்விளிம்பு எழுந்து தாடையில் அறையும். நேர்கோட்டை ஒட்டிய கட்டை சற்று வலுவாகத் தோளில் தள்ளினாலும் முகத்தை விட்டுவிடும். கலிபோர்னியாவின் ராய் வெதர்பி தம் மேக்னம் ரைபிள்களின் கன்ன விளிம்பை முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயரும்படி சாய்த்து அமைத்தார். ரைபிள் பின்னால் வரும்போது அந்த விளிம்பு கன்னத்தை நோக்கி ஏறாமல் அதை விட்டு விலகிச் செல்லும். அந்தக் கட்டையின் தோற்றம் பகட்டானது என்று நகைத்தவர்கள் பலர். ஆயினும் அதன் உள்ளிருக்கும் வடிவ அறிவு பிழையற்றது.

கட்டையின் நீளமும் அவ்வாறே. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள தொலைவு பெரும்பாலான தொழிற்சாலை ரைபிள்களில் 34 முதல் 35 செ.மீ. வரை இருக்கும். குறுகிய கட்டையில் பெருவிரல் மூக்கில் மோதும், தொலைநோக்கி புருவத்தை நெருங்கும். மிக நீண்ட கட்டையோ தோள்குழியை விட்டு நழுவிக் கையின் மேற்பகுதியில் அமர்ந்து, அங்கே கருநீலக் கன்றலை உண்டாக்கும். குளிர்காலத்தில் அணியும் தடித்த உடை ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தின்றுவிடும் என்பதால், அளவு பார்க்கும்போது வேட்டைக்கு உடுத்தும் உடையையே உடுத்திப் பார்க்க வேண்டும். கட்டையின் பின்முனையில் பொருத்தும் ரப்பர் பேட் மலிவானது, எடையில்லாதது, ஒலியெழுப்பாதது. தடித்த, மிருதுவான நல்ல பேட் ரைபிளை நிறுத்த ஆகும் நேரத்தை நீட்டி, அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. லிம்ப்சேவர், டிசெலரேட்டர் போன்ற பெயர்களில் கிடைக்கும் பேடுகளில் ஒன்றை 25 மி.மீ. கனத்தில் பொருத்தி, அதற்கேற்பக் கட்டையை வெட்டிக் குறைப்பதே மேக்னம் வாங்கியவர் செலவிட வேண்டிய முதல் தொகை. எடையைக் குறைக்கும் முனைப்பில் சில ரைபிள்கள் மெல்லிய, கடினமான பேடுடன் விற்கப்படுவது வியப்புக்குரியது. அங்கே மிச்சமாவது சில பத்துக் கிராம்களே.

தொலைநோக்கியைப் பொருத்துவதில் மற்றொரு கவனம் தேவை. கண்ணுக்கும் தொலைநோக்கியின் பின்வில்லைக்கும் இடையே முழுக் காட்சி தெரியும் தொலைவு, மேக்னத்துக்கு 90 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 100 மி.மீ. இருந்தால் நிம்மதி. சமதளத்தில் போதுமானதாகத் தோன்றும் இந்த இடைவெளி, மலைச்சரிவில் படுத்தபடி மேல்நோக்கிக் குறிவைக்கும்போது சுருங்கிவிடுகிறது. தலை தானாகவே முன்னே நகர்கிறது, நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் வரும் தொலைநோக்கியின் பின்விளிம்பு புருவத்தில் பிறைவடிவ வெட்டைப் பதித்துவிடுகிறது. அந்த வடுவைத் தாங்கியவர்கள் வேட்டை முகாம்களில் ஏராளம். ஆகவே மேல்நோக்கிய நிலையிலும் படுத்துப் பார்த்து, அதன்பின்னரே தொலைநோக்கியைப் பற்றும் வளையங்களின் திருகாணிகளை இறுக்க வேண்டும்.

பிடிக்கும் முறை அடுத்தது. குண்டு குழலுக்குள் ஓடும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிநொடி; அந்தக் குறுகிய நேரத்திற்குள்ளேயே 2.7 கிலோ ரைபிள் மூன்று மி.மீ. அளவு பின்னகர்ந்துவிடும். கனத்த ரைபிளில் பொருட்படுத்தத் தேவையில்லாத இந்த அசைவு, இலகுவான ரைபிளில் குறியையே மாற்றிவிடுகிறது. ஒருமுறை இறுக்கமாகவும் மறுமுறை தளர்வாகவும் பிடித்தால் குண்டுகள் இரு வேறு இடங்களில் விழும். ஆதலால் முன்கை கட்டையின் முன்பகுதியைப் பற்றி இதமாக, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், பின்னோக்கி இழுத்துத் தோள்குழியில் பதிக்க வேண்டும். முன்பகுதியைப் பையின் மேல் வெறுமனே கிடக்கவிட்டுச் சுடும் பழக்கம் கனத்த இலக்குத் துப்பாக்கிகளுக்கு உரியது. மேக்னத்தில் அது ரைபிளைத் துள்ளவிடும். கட்டை அமர வேண்டிய இடம் காறை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உட்புறமுள்ள தசைக்குழி. விசைக்காப்பு வளையத்தின் பின்விளிம்பு நடுவிரலின் கணுவில் அடிப்பது உண்டு. பிடி தளர்ந்திருப்பதே அதற்குக் காரணம்.

உடலின் நிலையும் உணர்வை மாற்றுகிறது. நிற்பவரின் உடல் இடுப்பிலிருந்து பின்னசைந்து உதையை உள்வாங்கிக்கொள்ளும். மேசையில் குனிந்து அமர்ந்தவருக்கும் படுத்தவருக்கும் அசைய இடமில்லாததால் முழு அடியும் தோளெலும்பில் இறங்கும். மேசையில் சுட்டே ஆக வேண்டியபோது, மார்பு நிமிர்ந்திருக்கும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்தியும் மேசைமேல் உள்ள தாங்கியை உயர்த்தியும் அமர்வதும், தோளுக்கும் கட்டைக்கும் இடையே ஐந்து கிலோ மணற்பை ஒன்றை வைப்பதும் நலம். ரைபிளும் பையும் ஒன்றாக நகர்வதாகக் கொண்டால், கணக்களவில் 48 ஜூல் 17 ஜூலாகக் குறைந்துவிடும். ரைபிளை அசையவிடாமல் பெரும் ஈயச் சுமையால் அழுத்தி நிறுத்தும் சட்டங்களும் விற்கப்படுகின்றன. தோள் தப்பினாலும் அந்த உதை முழுவதையும் கட்டை ஏற்க நேர்வதால், மரக்கட்டையில் விரிசல் விழக்கூடும் என்பதைக் கருதி அவற்றில் எடையை அளவோடு ஏற்ற வேண்டும்.

இனிக் கூறப்படுவதே இவ்வியலின் நடுப்பொருள். பின்னுதைப்பால் இலக்குத் தவறுவது மிகப் பெரும்பாலும் துப்பாக்கி நகர்வதால் அல்ல. நகரப்போகிறது என்று உடல் எதிர்பார்ப்பதால். மனிதன் ஒரு தூண்டலை உணர்ந்து தசையை அசைக்க நொடியில் ஆறில் ஒரு பங்கு அளவாவது வேண்டும்; குண்டோ அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் குழலை விட்டுப் போய்விடுகிறது. எனவே உதை விழுந்த பின் உடல் செய்வது எதுவும் குண்டைத் தொடாது. உதை விழுவதற்கு முன்பே கண் மூடுதல், தோள் முன்னே தள்ளுதல், விசையை வெடுக்கென்று பறித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்த துணுக்கத்தைத்தான் சுடுநர்கள் ஃபிளிஞ்ச் என்கின்றனர். வலி ஒரு பங்கும் வெடியொலி ஒரு பங்கும் அதற்குக் காரணம். ஒலியை அடைத்துவிட்டால் பாதி அச்சம் போய்விடுவதைப் பயிற்றுநர்கள் அறிவர். காதுக்குள் செருகும் பஞ்சுருளையும் அதன்மேல் அணியும் மூடியும் ஆகிய இரண்டையும் ஒருசேர அணிவது மேக்னம் பயிற்சியில் விதியாகவே இருக்க வேண்டும்.

துணுக்கம் உடையவர் அதை அறிவதில்லை என்பதே அதன் தீமை. உதையின் அசைவு அதற்கு முந்தைய நடுக்கத்தை மறைத்துவிடுவதால், ரைபிளின் மீதும் தோட்டாவின் மீதும் பழி போகும். இதை வெளிக்கொணரும் எளிய வழி, பயிற்சியின்போது மருந்தற்ற போலித் தோட்டாக்களை உண்மைத் தோட்டாக்களோடு துணைவர் ஒருவரைக் கொண்டு கலந்து நிரப்பச் செய்வதாகும். எது வரும் என்று தெரியாமல் சுடும்போது, போலித் தோட்டாவின் மீது சுத்தி விழுந்து கிளிக்கென்று ஒலிக்கும் கணத்தில் குழல்முனை கீழ்நோக்கிக் குதித்தால் நோய் உறுதி. மருந்தும் அதே பயிற்சிதான்: போலியின் மீது குழல் அசையாமல் நிற்கும் வரை அதைத் தொடர வேண்டும்.

இதற்கு அடித்தளமாக .22 ரிம்ஃபயர் ரைபிள் ஒன்று தேவை. அதன் உதை தோளுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது, தோட்டாவும் மலிவு. வாரம் ஐம்பது தோட்டாக்களை அமர்ந்தும், மண்டியிட்டும், முதுகுப்பையின் மேல் ரைபிளைத் தாங்கிப் படுத்தும் சுட்டு வந்தால், விசையை மெல்ல அழுத்தும் பழக்கம் விரலில் ஊறிவிடும். வெறுமையாக இருப்பதை இருமுறை சோதித்த மேக்னத்தை வீட்டில் வெற்றாக இயக்கிப் பார்ப்பதும் அதே பயனைத் தரும். மேக்னத்தையே சுடும் நாளில் பத்து முதல் பதினைந்து தோட்டாக்களோடு நிறுத்திவிட வேண்டும்; தோள் வலிக்கத் தொடங்கிய பின் சுடப்படும் ஒவ்வொரு தோட்டாவும் துணுக்கத்தையே பயிற்றுவிக்கிறது. ஒரே பிற்பகலில் இரண்டு பெட்டித் தோட்டாக்களைத் தீர்த்துவிட்டு அதைத் துணிவு என்று எண்ணுவோர் உண்டு. அடுத்த மாதக் குறித்தாளைப் பார்த்தால் அந்தத் துணிவின் விலை தெரியும். விழித்திரையிலோ தோளிலோ அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய ரைபிளைத் தொடுதல் கூடாது.

குழல்முனையில் திருகிப் பொருத்தும் மசில் பிரேக் என்னும் கருவியைப் பலர் முதல் தீர்வாகக் கொள்கின்றனர். இந்நூல் அதைக் கடைசியில் வைக்கிறது. அதன் வேலைமுறை மேலே கண்ட கணக்கிலேயே உள்ளது: 16.2 அலகு உந்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், குண்டின் பின் பீறிடும் வளிமத்தினுடையது. பிரேக்கின் பக்கத் துளைகள் அந்த வளிமத்தை முன்னே போகவிடாமல் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்பிவிடுகின்றன. உந்தம் மூன்றில் ஒன்று குறைந்தால், ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால், பாதிக்கும் மேல் குறைந்துவிடும். குண்டின் எடையோடு ஒப்பிடுகையில் மருந்தின் பங்கு மிகுதியாக உள்ள தோட்டாவில் பிரேக் நன்கு உழைக்கும். எனவே மேக்னத்துக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது என்பதை மறுக்க இயலாது.

மறுபக்கம் ஒலி. பிரேக் இல்லாமலே இத்தகைய ரைபிளின் வெடியொலி உச்சம், காதுக்கு ஊறு விளைவிக்கும் எல்லையாகக் கொள்ளப்படும் 140 டெசிபலை வெகுவாகத் தாண்டிவிடுகிறது; திருப்பப்பட்ட வளிமம் சுடுபவரையும் அருகில் இருப்பவரையும் நோக்கி வருவதால் மேலும் ஐந்து முதல் பத்து டெசிபல் வரை கூடும். பத்து டெசிபல் என்பது ஒலியாற்றலில் பத்து மடங்கு. பயிற்சிக் களத்தில் காதுகளை மூடியிருப்பவர், எல்க் மான் திடீரென்று தோன்றும்போது மூடிக்கொள்ள நேரமின்றிச் சுட நேரும் ஒரே ஒரு குண்டு, திரும்பாத செவித்திறன் இழப்பை உண்டாக்கிவிடலாம். அருகில் படுத்துத் தொலைநோக்கி வழியே பார்க்கும் வழிகாட்டிக்கு நேர்வது அதைவிடக் கொடிது. பிரேக் உள்ள ரைபிளோடு வருபவரை வழிகாட்டிகள் பலர் விரும்பாததன் காரணம் இதுவே. கீழ்ப்புறமும் துளையுள்ள பிரேக்குகள் படுத்துச் சுடும்போது புழுதியையும் பனித்தூளையும் கிளப்பிக் கண்ணை மறைக்கும். பயிற்சிக்கு மட்டும் பிரேக்கைப் பொருத்தி, வேட்டைக்குக் கழற்றிச் செல்ல நினைப்பவர், கழற்றியபின் குண்டு விழும் இடம் மாறிவிடும் என்பதால் இரு நிலையிலும் சுட்டுப் பார்த்தாக வேண்டும். சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் இவற்றுக்கு மாற்றாக ஒலியடக்கி உள்ளது; ஃபின்லாந்து, நார்வே, நியூசிலாந்து வேட்டைக்காரர்களிடையே அது இயல்பான கருவி. வளிமத்தைத் தன்னுள் அடக்கி மெல்ல வெளிவிடுவதால் உதையும் குறைகிறது, ஒலியும் இருபது முதல் முப்பது டெசிபல் வரை தணிகிறது. நீளமும் சில நூறு கிராம் எடையும் கூடினாலும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இதுவே தக்கது.

தோட்டாவை மாற்றிப் பார்ப்பது எஞ்சிய வழி. கனமான குண்டுக்குப் பதிலாக 9.7 கிராம் குண்டைச் சுட்டால் உதை வெகுவாகக் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. தொழிற்சாலைத் தோட்டாவில் அந்தச் சிறு குண்டு நொடிக்கு ஆயிரம் மீட்டர் வேகத்தில் செலுத்தப்படுவதால், ஆற்றலில் பத்து விழுக்காடு கூடக் குறைவதில்லை. குறைய வேண்டுமானால் வெடிமருந்தே குறைய வேண்டும். ஆனால் மெதுவாக எரியும் மேக்னம் மருந்தைத் தன்விருப்பப்படி குறைத்து நிரப்பினால் குழலில் ஆபத்தான அழுத்தம் எழக்கூடும் என்பதால், மருந்து நிறுவனம் அச்சிட்ட குறைமருந்து அட்டவணையை அன்றி வேறெதையும் பின்பற்றலாகாது. அவ்வாறு குறைத்து நிரப்பிய .300 மேக்னம், 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டாவின் ஆற்றலுக்கு இறங்கிவிடும். அப்படியாயின் .308-ஐயே வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி தானாக எழுகிறது. அமெரிக்க வேட்டை எழுத்தாளர்களுள் பெருந்தோட்டாக்களுக்காக வாதிட்ட எல்மர் கீத்துக்கும், மிதமான .270 தோட்டாவைப் போற்றிய ஜாக் ஓ'கானருக்கும் இடையே நீண்டகாலம் நடந்த விவாதம் இதைப் பற்றியதே. 2.7 கிலோ எடையுள்ள .308 ரைபிளில் 9.7 கிராம் குண்டின் பின்னுதைப்பு ஏறக்குறைய 26 ஜூல், நான்கு கிலோ .30-06 தரும் 24 ஜூலிலிருந்து அது வெகுதொலைவில் இல்லை. முந்நூறு மீட்டருக்குள் சுடுவதாகத் தீர்மானித்திருப்பவருக்கு மேக்னம் கூடுதலாகத் தருவது மிகக் குறைவு.

எல்லாம் அறிந்த பின்னும் மேக்னத்தையே எடுத்துச் செல்பவர், பருவம் தொடங்குவதற்கு முன் வேறொரு சோதனையையும் செய்ய வேண்டும். தோளைத் தாக்கும் அதே உதை ரைபிளின் உறுப்புகளையும் தாக்கிக்கொண்டிருக்கிறது: தொலைநோக்கியின் அடித்தகட்டுத் திருகாணிகள் தளரும், வளையத்துக்குள் தொலைநோக்கி முன்னே வழுக்கும், பெட்டிக்குள் காத்திருக்கும் தோட்டாக்களின் நுனி முன்சுவரில் மோதி மழுங்கும். வளையத்தின் ஓரத்தில் தொலைநோக்கியின் மேல் மெல்லிய கோடொன்றை வரைந்து வைத்தால், பத்துத் தோட்டாக்களுக்குப் பின் அது நகர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நகர்ந்திருந்தால் கழற்றி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, முறுக்கு அளவைக் காட்டும் திருகியால் தயாரிப்பாளர் கூறிய அளவுக்கு இறுக்கி, மறுநாள் காலையில் குளிர்ந்த குழலுடன் மூன்று குண்டுகளைச் சுட்டுக் குறியைச் சரிபார்க்க வேண்டும்.